பாறசாலையிலிருந்து பின்னோக்கி ஒரு பயணம்

காலத்தில் முன்னும் பின்னும் ஓடக்கூடிய யந்திரம் ஒன்றைக் கற்பனை செய்து ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் நாவல் வெளியிட்டது 1895-ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் திருகோணமலையைச் சேர்ந்த தி.த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். தமிழின் முதல் சரித்திர நாவல் என்று அதைச் சொல்வார்கள். இவை இரண்டுக்கும் நான்கு ஆண்டுகள் முன்பே, 1891-ல், திருவனந்தபுரத்துக்காரரான சி.வி. ராமன் பிள்ளை ‘மார்த்தாண்டவர்மா’வை அச்சேற்றிவிட்டார். மலையாளத்தின் முதல் சரித்திர நாவலான அது அச்சானதோ சென்னையில். வெல்ஸின் கதாநாயகனுக்குப் பித்தளையும் தந்தமும் படிகமும் தேவைப்பட்டன. நம் பக்கத்துக்காரர்களுக்குக் காகிதமும் மையும் போதுமாக இருந்தன.

இதை நான் சொல்லக் காரணம், நம் சங்க நூலகத்தில் சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் நண்பர் கேட்ட கேள்வி. குழந்தைகளுக்குப் பொது அறிவுப் புத்தகங்களைத் தேடிக்கொண்டிருந்தவர், என் கையிலிருந்த பழைய நாவலைப் பார்த்துவிட்டு, “இந்த வயதில் கதைப் புத்தகம் படித்து என்ன சார் கிடைக்கப் போகிறது?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். “ஊருக்குப் போய்விட்டு வரலாம்” என்று அப்போது சொல்லி வைத்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலின் மிச்சப் பகுதி.

மும்பையில் நம்மில் பலருக்கு ‘ஊர்’ என்றால் ரயில் ஏறி இறங்கும் இடம். 1998-ல் கொங்கண் ரயில் பாதை முழுமையாகத் திறந்த பிறகு எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது இன்னும் சுலபமாகிவிட்டது. ஆனால் நான் பிறந்த ஊருக்கு ரயிலில் போனால் பாதி ஊர்தான் வரும். மீதிப் பாதி இடத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் வந்தால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை. அதற்குப் பிறகு இஞ்சிவிளை, களியக்காவிளை. பாறசாலை வரை கேரளம். களியக்காவிளை தமிழ்நாடு. இடையில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஒரு தென்னந்தோப்பின் இந்தப் பக்க வேலியும் அந்தப் பக்க வேலியும் போலத்தான். ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். ‘விளை’ என்ற சொல் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டு நிலத் தோட்டத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் இதெல்லாம் ஒரே திருவிதாங்கூர். 1949-க்குப் பின் திருவிதாங்கூர்–கொச்சி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. நேசமணி தலைமையில் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூரும் இருந்தன. மாநிலச் சீரமைப்புக் குழு அவற்றை ஏற்கவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடித் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

எங்கள் அப்பாவின் அம்மாவை நாங்கள் அம்மச்சி என்று அழைப்போம். அவள் பிறந்த வீடு விளவங்கோடு தாலுகாவில். வாழ்க்கைப்பட்டது பாறசாலைப் பக்கம். இரண்டு வீட்டுக்கும் நடை தூரம்தான். காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் தம்பி வீட்டு முற்றத்தில் நிற்பாள். 1956-க்குப் பிறகும் அப்படித்தான் நடந்தாள். ஆனால் தம்பி வீட்டுப் பிள்ளைகளின் பாடப் புத்தகம் வேறாயிற்று, எங்கள் பாடப் புத்தகம் வேறாயிற்று. பஸ்ஸின் பெயர்ப்பலகை வேறு, கச்சேரித் தாளில் எழுதும் எழுத்து வேறு. ஒரே பாட்டனுக்குப் பிறந்தவர்கள் பதினைந்து வருஷத்தில் ஒருவர் கடிதத்தை ஒருவர் படிக்க முடியாதவர்கள் ஆனார்கள். நான் படித்த பள்ளியில் அப்பா காலத்தில் தமிழ் வகுப்பு இருந்திருக்கிறது. என் முறை வந்தபோது இல்லை. பள்ளியின் பெயர் இப்போது வேண்டாம். தமிழ் எழுத்தை எனக்கு வீட்டில் அத்தைதான் கற்றுக்கொடுத்தாள், பழைய பஞ்சாங்கத்தையும் வேதாகமக் கதைப் புத்தகம் ஒன்றையும் வைத்துக்கொண்டு.

ஆகவே என் ஊருக்குப் போக வேண்டுமானால் 1956-க்கு முன்னால் போக வேண்டும். அதற்கு ரயில்வேயில் டிக்கெட் இல்லை.

செப்பேடு சொல்லாதது

“சரித்திரம் படிக்கலாமே” என்பீர்கள். படித்தேன். எங்கள் பக்கம் சரித்திரத்துக்குக் குறைவே இல்லை. முன்சிறைக்குப் பக்கத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் சாலையும் நிறுவிய செப்பேடு கி.பி. 866-ஐச் சேர்ந்தது. சாலை என்றால் அந்தக் காலத்துக் கல்விக்கூடம். தொண்ணூற்றைந்து மாணவர்களுக்கு அங்கே இடம் ஒதுக்கினார்கள். தங்களுக்குள் சண்டை போட்டால் என்ன தண்டம் என்பதுகூட அதில் எழுதியிருக்கிறது. சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் பையன்கள் சண்டை போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்! ஆனால் எதற்காகச் சண்டை போட்டார்கள், எந்த வார்த்தையால் ஏசிக்கொண்டார்கள், இரவில் வீட்டு நினைப்பு வந்து எவனாவது அழுதானா, இதெல்லாம் செப்பேட்டில் இல்லை. எழுதிய அதிகாரிக்கு அது வேலையும் இல்லை.

கதை எழுதுகிறவனுக்கு அதுதான் வேலை. நம்மவர்களுக்குக் கல்கியைச் சொல்ல வேண்டியதில்லை. 1950-களில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது எத்தனையோ வீடுகள் வாரந்தோறும் ஆயிரம் ஆண்டு பின்னால் போய் வந்தன. இன்றும் வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களின் நூலகங்களில் அட்டை கிழிந்து பைண்டு செய்யப்பட்டிருக்கும் புத்தகம் அதுவாகத்தான் இருக்கும். எனக்கும் வந்தியத்தேவனைப் பிடிக்கும். ஆனால் அந்தக் குதிரை என்னைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் கொண்டுபோகுமே தவிர, மரச்சீனிக் கிழங்கு வேகும் ஓர் அடுக்களைக்குக் கொண்டுபோகாது. அரண்மனைக்குப் போகும் கால யந்திரங்கள் நிறைய உண்டு. எனக்கு வேண்டியது முற்றத்துக்குப் போகிறது.

அது கிடைத்தது கல்லூரி நாட்களில், திருவனந்தபுரத்தில். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968-ல் வந்த நாவல். இரணியல்தான் களம். திரவி என்கிற பையனின் கண் வழியாகவும் காது வழியாகவும் கதை போகிறது. ஆச்சி கதை சொல்வாள், திரவி கேட்பான். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து அந்தச் செட்டிமார் குலம் புறப்பட்டு வந்த கதை வரைக்கும் கிழவி போய்விடுவாள். ஒரு நாவலுக்குள் இன்னொரு கால யந்திரம்! திரவியின் அக்காளுக்கு மணவாழ்க்கையில் நேர்ந்த அநியாயம்தான் கதையின் முதுகெலும்பு. கணவன் தன் குறையை மறைக்க அவள் மேல் பழி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். (2010-ல் ‘மகிழ்ச்சி’ என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது. பார்த்தவர்கள் இருப்பீர்கள்.)

கதை ஒருபுறம் இருக்கட்டும். முதல் பத்துப் பக்கத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தப் பேச்சு. எங்கள் வீட்டுப் பேச்சு! திருவனந்தபுரத்தில் சக மாணவர்கள் எங்களைப் ‘பாண்டி’ என்பார்கள். மதுரையிலிருந்து வந்த நண்பர்களோ, “நீ பேசுவது மலையாளம்தானே?” என்பார்கள். இரண்டு பேருக்கும் இடையில் வாயை மூடிக்கொண்டிருப்பதே உத்தமம் என்று பழகிப்போயிருந்தேன். அச்சில், நல்ல கட்டமைப்புள்ள புத்தகத்தில், எங்கள் வாயிலிருந்து வருகிற மாதிரியே மனிதர்கள் பேசுவதைக் கண்டபோது, பேச்சுக்கு ஒரு பட்டா கிடைத்த மாதிரி இருந்தது. விடுதி அறையில் சத்தமாகப் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் ஆலப்புழைக்காரர். “யாரோடு பேசுகிறாய்?” என்று கேட்டார்.

அம்மச்சி குறுக்கிட்ட இடம்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நான் எடுத்துச் சென்ற இன்னொரு நாவல் ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய ‘புத்தம் வீடு’. 1964-ல் வெளிவந்தது. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். பனைவிளை என்ற சிற்றூரில், வாழ்ந்து கெட்ட ஒரு நாடார் கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் லிஸி. பனையேறும் தங்கராஜ். பெரிய சம்பவங்கள் அதிகம் இல்லாத, அடக்கமான நடை. என் கணக்கில் தமிழின் முதல் பத்து நாவல்களில் ஒன்று. ஒத்துக்கொள்ளாதவர்கள் சங்கத்து மாதக் கூட்டத்தில் வந்து சண்டை போடலாம், தண்டம் கிடையாது.

அம்மச்சிக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும். படிக்கத் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மாலையில் திண்ணையில் அத்தை சத்தமாக வாசிப்பாள். அம்மச்சி கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்பாள். பனை, அக்கானி, கருப்பட்டி என்று வரும் இடங்களில் எல்லாம் கொஞ்சம் இளக்காரமாகச் சிரிப்பாள். அவள் அப்பாவும் பனையேறியவர். “பனைக்க காரியம் படிச்சவியளுக்கு என்ன தெரியும்?” என்பாள். ஆனால் மறுநாள் வெயில் தாழ்வதற்குள் அவளே வந்து, “புஸ்தகம் எங்கே?” என்று கேட்பாள்.

லிஸி வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டோடு அடைக்கப்படும் பகுதி வந்தது. உலக்கைச் சத்தம் நின்றது. அம்மச்சி சொன்னாள்: “அந்தப் பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு விடச் சொல்லு. இன்னும் நேரம் இருக்குல்லா.”

அத்தை சிரித்துவிட்டாள். “அம்மா, இது கதையாக்கும். எழுதி முடிச்சாச்சு.”

“முடிச்சா என்ன? சொல்லிப் பாரு.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மச்சி என்னைப் பார்த்து, “எனக்கும் அச்சரம் தெரியும் மக்களே. மூணாங்கிளாசு வரை போனேன். பெறவு விடல்ல” என்றாள்.

ஐம்பது வருஷம் அவளோடு வாழ்ந்த அத்தைக்கே இது தெரியாது. அத்தை உள்ளே போய்ப் பிள்ளைகளின் சிலேட்டை எடுத்து வந்து மடியில் வைத்தாள். அம்மச்சி குச்சியைப் பிடித்து, நடுங்கும் கையால் ‘அ’ எழுதினாள். பிறகு ‘ஆ’. மூன்றாவது எழுத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, முந்தானையால் துடைத்துவிட்டு, “போதும், வாசி” என்றாள். ‘இ’யின் சுழி நினைவுக்கு வரவில்லையோ, அல்லது எங்கள் முன் அதைக் காட்டிக்கொள்ள விருப்பமில்லையோ, நான் கேட்கவில்லை.

அந்த மாலையை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அத்தை சொன்னது சரி. கதைக்குள் போகிற பயணி அங்கே எதையும் மாற்ற முடியாது. லிஸியின் தாத்தாவிடம் போய் வாதாட முடியாது. வெல்ஸின் யந்திரத்தில் போனவனாவது கீழே இறங்கி நாலு அடி அடித்து, தீக்குச்சி கிழித்துப் போட்டு வந்தான். வாசகன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியவன். ஆனால் போனவள் வெறுங்கையோடு திரும்பவில்லை. அம்மச்சி லிஸியின் வீட்டுக்குப் போய், 1910-களில் ஒரு முற்றத்தில் தொலைத்த சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் யாருமே அறிந்திராத ஒரு சிறுமியை அன்று முதன்முதலாகப் பார்த்தோம்.

அன்று இரவு அவள் இன்னொன்றும் சொன்னாள். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தார் இன்றும் அந்தத் தேதியை மறக்கவில்லை. அன்று தன் தம்பி மகன் வீடு திரும்பவில்லை என்று செய்தி வந்து, பஸ் ஓடாததால் இருட்டில் ஒற்றையாக நடந்து போனாளாம். அவன் மறுநாள் சட்டை கிழிந்து வந்து சேர்ந்தான். அந்த வழியில் எந்தெந்த வீட்டில் விளக்கு எரிந்தது என்பதைக்கூட அம்மச்சி வரிசையாகச் சொன்னாள். இருபது வருஷத்துக்கும் மேலாக இதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. இதற்கும் ‘புத்தம் வீடு’ நாவலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கதவு ஒன்று திறந்தால் பக்கத்துக் கதவும் அசையும் போலிருக்கிறது.

இரண்டு கடிகாரங்கள்

ஓர் எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். கதைப் புத்தகத்தில் ஏறும்போது கடிகாரத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். கதை நடக்கும் காலம் ஒன்று, எழுதப்பட்ட காலம் இன்னொன்று. நாம் போய் இறங்குவது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோதான்.

‘மார்த்தாண்டவர்மா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தாலாட்டோடு வருவது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்று ஒரு பழைய பிலாமரத்தின் அடிப்பகுதியைக் காத்து வைத்திருக்கிறார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மா அந்த மரப்பொந்தில் ஒளிந்து தப்பினார் என்றும், பொந்தைக் காட்டிக்கொடுத்தவன் கண்ணன் வடிவில் வந்த சிறுவன் என்றும் சொல்வார்கள். மன்னரான பின் அவர் அங்கே கோயில் எழுப்பினார் என்பது ஊர்க்கதை. சின்ன வயதில் அந்தப் பொந்தைப் பார்த்துவிட்டு, ராஜா எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்க வேண்டும் என்று வியந்திருக்கிறேன்.

நாவலின் காலம் 1729-ல் அவர் பட்டத்துக்கு வருவதை ஒட்டிய ஆண்டுகள். பத்மநாபபுரம், சாரோடு, பஞ்சவன்காடு என்று எங்களுக்குத் தெரிந்த மண்ணெல்லாம் வரும். அதில் வரும் ‘பிராந்தன் சாந்நான்’, அதாவது பைத்தியக்காரச் சாணான், உண்மையில் மாறுவேடமிட்ட அனந்தபத்மநாபன். சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவன்தான். பெரியவனான பிறகு படிக்கும்போது ஒன்று உறுத்தியது. வில்லன் கூட்டத்தில் முக்கியமானவனான சுந்தரய்யன் கிழக்கே பாண்டிநாட்டுப் பக்கம் வேர் உள்ளவன். ஏன்? 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் ‘மலையாளி மெமோரியல்’ என்ற விண்ணப்பம் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் கொடுக்கப்பட்டது. 10,028 பேர் கையெழுத்திட்டது. அரசாங்க உத்தியோகங்களில் வெளியிலிருந்து வந்த பிராமணர்கள், பெரும்பாலும் தமிழர்கள், நிறைந்துவிட்டார்கள், உள்நாட்டாருக்கு இடம் வேண்டும் என்பது கோரிக்கை. அந்த இயக்கத்தில் முனைப்பாக இருந்தவர்களில் சி.வி. ராமன் பிள்ளையும் ஒருவர். கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1729-க்குப் போவதாக நினைத்து ஏறிய வண்டி நம்மை 1891-லும் ஒரு முறை இறக்கிவிட்டுத்தான் போகிறது. இது புத்தகத்தின் குறை அல்ல. எனக்கு இந்த இரண்டாவது நிறுத்தம்தான் இப்போது அதிகச் சுவையாக இருக்கிறது.

இந்த நாவலுக்கு வேடிக்கையான ஒரு கிளைக்கதையும் உண்டு. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர் ராஜ் என்பவர் இதை ஊமைப்படமாகத் தயாரித்து 1933-ல் திருவனந்தபுரத்தில் திரையிட்டார். நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த கமலாலயம் புத்தக நிலையம் வழக்குப் போட, படம் நின்றுபோனது. தயாரிப்பாளருக்குப் பெருத்த நஷ்டம். படச்சுருள் பிற்காலத்தில் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. மும்பையிலிருந்து நாலு மணி நேரப் பயணத்தில் எங்கள் மார்த்தாண்டவர்மா பெட்டிக்குள் இருக்கிறார்!

வெளியூரிலிருந்து எழுதியவர்கள்

இன்னொரு சங்கதி எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் பக்கத்தை எழுதியவர்களில் பலர் அந்த ஊரில் உட்கார்ந்து எழுதவில்லை. இரணியலை எழுதிய நீல பத்மநாபன் திருவனந்தபுரத்துவாசி. பனைவிளையை எழுதிய ஹெப்சிபாவும் அங்கேதான் வாழ்ந்தார். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் தேங்காய்ப்பட்டணத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்த தோப்பில் முகமது மீரான் பிழைப்புக்காகத் திருநெல்வேலியில் குடியேறியவர். அவர் படித்தது மலையாள வழியில். தமிழைத் தாமாகத்தான் வசப்படுத்திக்கொண்டார். வடக்கு வீட்டு முதலாளியின் அதிகாரமும், கிராமத்துக்கு வரப்போகும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தைக் கண்டு எழும் பயமும் நிறைந்த அந்த நாவல் 1988-ல் புத்தகமாக வந்தது. 1997-ல் ‘சாய்வு நாற்காலி’ அவருக்குச் சாகித்திய அக்காதெமி விருதைத் தந்தது. நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி, தாம் சிறுவனாக வாழ்ந்த கோட்டயத்தை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் (1998) திரும்பக் கட்டினார். அவருடைய ‘ஒரு புளியமரத்தின் கதை’யை (1966) நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தாமோதர ஆசான் வாய் திறந்தால் போதும், கேட்பவர்கள் எல்லோரும் மகாராஜா காலத்துக்குப் போய்விடுவார்கள். அந்தப் புத்தகம் ஹீப்ரு மொழிக்கே போயிருக்கிறது. ஜெருசலேமில் யாரோ ஒருவர் நாகர்கோவில் நாற்சந்தியில் நின்றிருக்கிறார் என்று நினைத்துப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

விதிவிலக்கும் உண்டு. ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தக் கடைத்தெருவை எழுதினார். எங்கள் பக்கத்து வாழைக்குலையும் கருப்பட்டியும் போய்ச் சேர்ந்த சந்தை அது. வடக்கே மாதவனின் சாலை, தெற்கே தோப்பிலின் கடற்கரை, பனைவிளை, இரணியல். இவற்றின் நடுவில் கிடக்கிறது பாறசாலை. பக்கத்து வீட்டு விளக்கு வெளிச்சத்தில் எங்கள் முற்றம் தெரிகிற மாதிரி.

ஊரைவிட்டு வந்தவர்களுக்குத்தான் ஊர் இப்படித் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரிலேயே இருப்பவர்களுக்கு ஊர் தினமும் மாறுகிறது, பழையதை இழந்தது தெரியாமலே இழக்கிறார்கள். நமக்கு, கிளம்பிய நாளில் கடிகாரம் நின்றுவிடுகிறது. என் நினைவில் பாறசாலைச் சந்திப்பு 1983-ல் நிற்கிறது. விடுமுறையில் போகும்போது, இல்லாத கடையைத் தேடி இருக்கிற மனிதர்கள் மேல் முட்டிக்கொள்கிறேன். அப்படிப்பட்ட நமக்கு ஒரு நல்ல நாவல் செய்யும் உதவி, நின்ற கடிகாரத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி, நாம் பார்த்தேயிராத ஊரைக் காட்டுவது. அப்போதுதான் ‘அந்தக் காலம்’ என்று நாம் உருகுகிற காலத்தில் ஒரு லிஸி அறைக்குள் இருந்தாள் என்பதும் தெரிகிறது. ஏக்கத்துக்கு அது நல்ல மருந்து.

நம் பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்பதுதான் என் கவலை. என் மகள் ‘தலைமுறைகள்’ நாவலைக் க.நா.சு.வின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தாள். நல்ல மொழிபெயர்ப்பு. கதை முழுவதும் அவளுக்குப் புரிந்தது, அழக்கூடச் செய்தாள். ஆனால் ஆச்சியின் பேச்சு அவள் காதில் விழவில்லை. குளிர்சாதனப் பஸ்ஸின் கண்ணாடி வழியாக ஊரைப் பார்த்து வந்த மாதிரிதான். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸாவது கிடைத்ததே.

பேத்திக்குப் பதினொரு வயது. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் ‘புத்தம் வீடு’ வாசிக்க, அவள் கேட்கிறாள், அத்தை வாசித்து அம்மச்சி கேட்ட அதே பிரதியில். அக்கானி என்றால் என்ன என்று கேட்டாள். பதநீர் என்றேன். பதநீர் என்றால் என்ன என்றாள். மாட்டுங்காவில் வாங்கி வைத்திருந்த கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுத்து, “இது ஆவதற்கு முன்னால் இருந்தது” என்றேன். வாயில் போட்டுக்கொண்டு, பனைவிளை எங்கே இருக்கிறது என்று அம்மாவின் செல்பேசியில் தேடினாள். அது எதையெதையோ காட்டிற்று. கதாசிரியர் வைத்த பெயர், வரைபடத்தில் வராது என்று சொன்னேன். அவள் விடவில்லை. குழித்துறையைக் கண்டுபிடித்தாள், பாறசாலையைக் கண்டுபிடித்தாள், இரண்டையும் விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடியது. “இது என்ன தாத்தா?” என்றாள்.

“எல்லை.”

“லிஸி வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம்?”

“அப்போது கோடு இல்லை” என்றேன்.

அவள் கோட்டின் மேலேயே ஓர் இடத்தில் விரலை வைத்து, “அப்படியானால் இங்கே இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னாள்.